குழந்தைகளோடு மலையேறப் போனால் காரை எங்கே நிறுத்துவது?

கேட்டவர் தஞ்சாவூர்க்காரர். ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். விடியற்காலையில் காரில் கிளம்பி ஒரு மலை ஏறிவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். வண்டியை அடிவாரத்தில் விடுவதா, ரோடு போகிற மட்டும் மேலே கொண்டுபோவதா, எந்த மலை தோதுப்படும் என்பது கேள்வி.

திரும்பி வருகிற கடைசி அரை மணி நேரத்தை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை எங்கே இறக்கிவிட்டாலும் ஓடுவார்கள். பதினொரு மணிக்குச் சின்னப் பிள்ளை "தூக்கு" என்று கையை நீட்டும்போது கார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதுவரைக்கும் இறக்கமா ஏற்றமா, நிழல் உண்டா, வெறும் தார் ரோடா என்பதுதான் அந்த நாளைத் தீர்மானிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை 16 முதல் 18 கிலோ வரை இருக்கும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்குவது கஷ்டம்தான், ஆனால் முடியும். படியேறுவது பெரும்பாலான பெரியவர்களால் முடியாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வண்டி கீழே நிற்கிற மலையா, மேலே நிற்கிற மலையா என்பதை. குளித்தலை பக்கத்து அய்யர்மலையில் கார் அடிவாரத்தில் நிற்கும். ரத்தினகிரீசுவரர் கோயிலுக்கு 1,017 படிகள். தெம்பு இருக்கும்போது ஏற்றம், களைத்தபின் இறக்கம். எந்தப் படியில் மனசு மாறினாலும் திரும்பிப் பார்த்தால் கார் இருக்கும் திசை இறக்கம்தான். இப்போது ரோப் காரும் வந்துவிட்டதால் வயதானவர்கள் கூட வந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ரோப் கார் ஓடும் என்று நம்பிப் பிள்ளைகளை மேலே ஏற்றிவிடாதீர்கள். காற்று பலமாக அடித்தாலும் பராமரிப்பு நாளானாலும் நிறுத்திவிடுவார்கள். இறங்கும் தெம்பைக் கையில் வைத்துக்கொண்டே ஏறுங்கள்.

கொல்லிமலை ஆகாய கங்கை இதற்கு நேர்மாறு. அறப்பளீஸ்வரர் கோயில் அருகே, அதாவது மேலே, வண்டியை விட்டுவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால்தான் அருவி. பிள்ளைகள் குதித்துக்கொண்டு இறங்குவார்கள், தண்ணீரில் ஆடுவார்கள், அப்புறம் ஈரத் துணியோடும் பசியோடும் அத்தனை படியும் ஏற வேண்டும். படிகள் செங்குத்து, சில இடங்களில் பாசி பிடித்து வழுக்கும். இறங்க எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ஏறப் பிடிக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை சமாளிக்கும். ஐந்து வயதோடு அருவி வரை போவது வேண்டாம் என்பதே என் கருத்து. போயே ஆக வேண்டும் என்றால் 200 படி இறங்கியதும் உட்காரவைத்து, அங்கிருந்து 50 படி திரும்ப ஏறச் சொல்லிப் பாருங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

அதோடு, காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சமதரையிலேயே வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் இருபதாவது வளைவுக்குள் வாந்தி எடுப்பார்கள். வண்டி நின்றதும் நடக்கத் தொடங்க முடியாது. அரை மணி நேரமாவது ஆற வேண்டும். அதனால் அங்கே நிறுத்துகிற இடத்தில் சமதரை, நிழல், கழிப்பறை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு சாப்பாட்டை முடித்துவிட்டு, காரவள்ளியில் ஒருமுறை இறக்கி நடக்கவிடுங்கள். தஞ்சாவூரிலிருந்து போய்த் திரும்பும் தூரத்தையும் சேர்த்தால் கொல்லிமலை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே நாள் வேலை இல்லை. ஒரு ராத்திரி செம்மேட்டில் தங்குவதாக இருந்தால் போங்கள்.

இரண்டும் கலந்த வகையும் உண்டு. துறையூர் பெருமாள்மலையில் 1,500க்கும் மேல் படிகள் இருக்கின்றன, மேலே போகக் கார் ரோடும் இருக்கிறது. பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பிள்ளைகளோடு படியேறட்டும், மற்றவர் வண்டியை மேலே கொண்டுபோகட்டும். எல்லோரும் சேர்ந்து காரில் இறங்கலாம். சின்னப் பிள்ளைக்கு முட்டி வலிப்பதும் தடுக்கி விழுவதும் இறங்கும்போதுதான், அது மிச்சம். ஆனால் பிள்ளை பாதியில் மாட்டேன் என்றால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். முதல் 300 படி வரை வண்டி கீழேயே நிற்கட்டும். பிள்ளை தாங்கும் என்று தெரிந்தபின் போன் செய்தால் மேலே எடுத்துப் போகலாம். வண்டி மேலே போய்விட்டால் நடப்பவர்களுக்குப் பின்வாங்க வழி இல்லாமல் போகும்.

சுவாமிமலையின் 60 படிகளைத் தவிர வேறு மலை பார்க்காத பிள்ளைகள் என்றால், முதல் தடவைக்கு விராலிமலை போதும். திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, 200 படிக்கு மேல் கொஞ்சம், மயில்கள் இருக்கின்றன. குரங்குகளும் இருக்கின்றன, அதைப் பிறகு சொல்கிறேன். திருச்சி மலைக்கோட்டைக்கு மட்டும் காரில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். 400க்கும் மேற்பட்ட படிகள், பெரும்பகுதி பாறைக்குள்ளேயே போவதால் வெயில் படாது, பிள்ளைகளுக்கு அருமையான ஏற்றம். ஆனால் என்.எஸ்.பி. ரோடும் சின்னக்கடைத் தெருவும் கடைத்தெருக்கள், தீபாவளி சமயத்தில் நடக்கவே இடம் இருக்காது. காரை நகரத்துக்கு வெளியே தோதான இடத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையம் வந்து இறங்குவது உத்தமம்.

நிஜமான மலை நடை வேண்டுமென்றால், என் முதல் சிபாரிசு புதுக்கோட்டை பக்கத்து நார்த்தாமலை. ஒரே நாளில் போய்வரலாம், விஜயாலய சோழீசுவரம் வரை ஏற்றம் மிதமானது, கூட்டமும் குறைவு. இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, மேப்பில் கோயில் பெயரைப் போட்டுவிட்டு அது சொன்னபடியே போவது. மேப்புக்குப் பாதை தெரியாது, உச்சிக்கு நேர்க்கோட்டில் எந்த ரோடு பக்கமோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அது மலையின் மறுபக்கமாக இருக்கலாம், கல் லாரி ஓடுகிற மண் பாதையாகவும் இருக்கலாம். எந்த மலைக்கும் இது பொருந்தும்: உச்சியைப் போடாதீர்கள், அடிவாரத்தில் நிலையாக இருக்கிற ஒன்றைப் போடுங்கள். நார்த்தாமலைக்கு முத்துமாரியம்மன் கோயிலைப் போட்டு, ஊருக்குள் வந்தபின் சோழீசுவரம் இருக்கிற மேலமலைக்கு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு நேரம். அங்கே ஏறுவது வெறும் பாறை. மரம் கிடையாது. ஏழு மணிக்கு இதமாக இருக்கும் பாறை, பங்குனி சித்திரையில் பத்து மணிக்கே செருப்பு வழியாகச் சுடும். காலை ஆறரைக்கு வண்டி நிற்க வேண்டும், பத்து மணிக்குள் எல்லோரும் காருக்குள் இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாளும் வேண்டாம், பாறையில் கருப்பாகத் தெரிகிற இடமெல்லாம் வழுக்கும்.

சித்தன்னவாசலில் சமணப் படுக்கைகள் இருக்கிற ஏழடிப்பட்டம் குகை ஒரு பக்கம், ஓவியங்கள் இருக்கிற அறிவர் கோயில் இன்னொரு பக்கம். ஒரே இடத்தில் காரை விட்டுவிட்டு இரண்டுக்கும் வெயிலில் நடக்கவைக்காதீர்கள். ஏழடிப்பட்டத்தை முதலில் முடித்துவிட்டு வண்டியை நகர்த்திக்கொள்ளுங்கள். சமணப் படுக்கைகள் மலையின் கிழக்கு முகத்தில் இருப்பதால் காலை வெயில் நேராக அடிக்கும். கம்பி பிடித்து நடக்கிற இடத்தில் சின்னப் பிள்ளை உங்கள் கையிலும் பாறைப் பக்கத்திலும் இருக்கட்டும்.

பச்சைமலை மாதிரிக் காட்டுப் பகுதிக்குப் போனால் வண்டி நிறுத்தும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, செக்போஸ்ட்டில் சொல்கிற இடம்தான். 2018 மார்ச் மாதக் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் காட்டுக்குள் மலையேற வனத்துறை அனுமதி கட்டாயம் என்றாகிவிட்டது. ரோட்டோரம் வண்டியை விட்டுவிட்டு ஏதோ ஒற்றையடிப் பாதையில் இறங்குவது, பிள்ளைகளோடு இருக்கும்போது, எந்தக் கணக்கிலும் சரியில்லை. அரசின் டிரெக் தமிழ்நாடு தளத்தில் பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு போகலாம், பதிவு செய்யும்போதே வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலை முடிவானபின் இடம். அடிவாரம் என்று போர்டு இருந்தாலும், வண்டியிலிருந்து முதல் படிக்கு 300 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்தத் தூரத்தையும் நடைக் கணக்கில் சேருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மொத்தம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் சந்தோஷமான நடை. போக வர முக்கால் முக்கால் கிலோமீட்டர் தார் ரோட்டுக்கே போனால் மலைக்கு என்ன மிஞ்சும்? கூட்டமான நாளில் தூரத்தில்தான் இடம் கிடைக்கும் என்றால், ஒரு பெரியவர் பிள்ளைகளையும் பையையும் இன்னொரு பெரியவரோடு முதல் படியில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து வரட்டும். திரும்பும்போதும் அவரே முன்னால் போய் வண்டியை எடுத்துவரட்டும். இன்னொரு சாவி மற்றவரிடம் இருப்பது நல்லது.

கோயில் மலைகளில் செருப்பும் பார்க்கிங் சம்பந்தப்பட்ட விஷயம்தான். காருக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போகிறவர்கள் திரும்பும்போது தவிப்பார்கள். காலையில் குளிர்ந்து கிடந்த தார் பதினொரு மணிக்குப் பிள்ளைகளின் பாதத்தைக் கொப்புளமாக்கிவிடும். முதல் படி அருகே செருப்புக் காப்பிடம் இருந்தால் அங்கே விடுங்கள், இல்லாவிட்டால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கருங்கல் படிக்குத் தடித்த பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி இருந்தால் பெரிய உதவி.

நிழலைப் பார்த்து நிறுத்துகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் நிறுத்துகிற நேரத்து நிழலைத்தான் பார்ப்பார்கள். ஏழு மணிக்கு மரத்துக்கு மேற்கே நீளமாகக் கிடக்கிற நிழல் பத்து மணிக்குள் மரத்தடிக்குச் சுருங்கிவிடும். பதினொரு மணிக்குத் திரும்புவதாக இருந்தால் தண்டுக்குப் பக்கத்திலேயே, சற்று மேற்கே நிறுத்துங்கள். மதியம் மூன்று மணி ஆகும் என்றால் மரத்துக்குக் கிழக்கே. சித்திரையில் நம் பக்கத்தில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே இருக்கும், கிளைக்கு அடியில் மட்டும்தான் நிழல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், பத்து மீட்டர் உயர மரத்தின் நடுப்பகல் நிழல் வடக்கே ஏழு மீட்டர் வரை விழும். அப்போது மரத்துக்கு வடக்கே நிறுத்தினால் நாள் முழுக்கப் பெரும்பாலும் தப்பிக்கலாம். தென்னை, பனைக்கு அடியில் வேண்டாம். ஆடிக் காற்றில் பட்டுப்போன கிளை உள்ள எந்த மரத்தடியும் வேண்டாம்.

மூடிய கார் வெயிலில் அரை மணி நேரம் நின்றால், வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. தூங்கிவிட்ட பிள்ளையை "ஐந்து நிமிஷம்" என்று உள்ளே விட்டுவிட்டு டோக்கன் வாங்கப் போகாதீர்கள். திரும்பி வந்ததும் நாலு கதவையும் திறந்து காற்று போகவிட்டு, சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையை உட்காரவையுங்கள். தயிர்சாதத்தைக் காரில் வைத்துவிட்டு மலையேறினால் வரும்போது புளித்துப் போயிருக்கும், புளியோதரை தாங்கும். மாற்றுத் துணி, துண்டு, நாலு லிட்டர் தண்ணீர் டிக்கியில் இருக்கட்டும். பவர் பேங்க், லைட்டர் காருக்குள் வேண்டாம்.

எங்கெல்லாம் நிறுத்தவே கூடாது என்பதில் நம் பக்கத்துக்காரர்கள் அதிகம் ஏமாறுவது காய்ந்த ஓடையில். மணல் சமமாக இருக்கும், மர நிழல் இருக்கும், பார்க்கிங்குக்கென்றே செய்தது போலத் தோன்றும். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் நம் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று நாள் கணக்கு வைத்துக் காத்திருக்கிறவர்கள் நாம். மலை ஓடை அப்படி வராது. மேலே எங்கோ மழை பெய்து, உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடைப் படுகையிலும் தரைப்பாலத்துக்கு அப்பாலும் வண்டியை விடாதீர்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் வந்தால் கார் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

கோடையில் காய்ந்த புல் மேல் நிறுத்துவது இன்னொன்று. மலை ஏறி வந்த காரின் சைலன்சர் குழாயும் அதில் புகையைச் சுத்தப்படுத்துகிற கன்வெர்ட்டரும் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். முழங்கால் உயரப் புல் அதைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். மண்ணோ கல்லோ தெரிகிற இடமாகப் பாருங்கள். ரோட்டோரம் புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால் மேலே பாறை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வளைவுகளில் நிறுத்தவே கூடாது, பஸ் அகலமாகச் சுற்றி வரும். மலைக் கிராமத்தில் ரோடு முடிகிற இடம் காலியாகத் தெரிந்தாலும் அது பெரும்பாலும் பஸ் திரும்புகிற இடம். அதே போலக் களம். நெல்லோ சோளமோ இன்றைக்குக் காயவில்லை என்பதால் அது சும்மா கிடக்கிற இடம் ஆகிவிடாது. நம் ஊரில் களத்தில் யாராவது காரை ஏற்றினால் நாம் என்ன சொல்வோம்? பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள், வண்டி மேல் ஒரு கண்ணும் இருக்கும்.

குரங்கு இருக்கிற மலைகளில் கண்ணாடி முழுசாக ஏறியிருக்க வேண்டும், டேஷ்போர்டில் சிப்ஸ் பாக்கெட்டோ பழப் பையோ தெரியக் கூடாது. வைப்பர் ரப்பரையும் கதவு ரப்பரையும் பிய்க்கும். பிள்ளை கையில் பிஸ்கட்டோடு கார் கதவைத் திறந்தால் குரங்கு நேராகப் பிள்ளையிடம்தான் வரும். தீனியைப் பைக்குள் வைத்தபின் கதவைத் திறங்கள்.

நாள் பார்ப்பதும் இடம் பார்ப்பதில் சேர்த்திதான். ஆடி 18ஐ ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா, கார்த்திகைச் சோமவாரங்களில் அய்யர்மலை, பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழா. இந்த நாட்களில் அடிவாரத்தில் இடம் கிடைக்காது, போலீஸ் தூரத்திலேயே திருப்பிவிடும். பிள்ளைகளோடு வேறு நாள் பாருங்கள்.

இனி ஹேண்ட்பிரேக். மன்னார்குடி, கும்பகோணம், மாயவரம் என்று சமதரையிலேயே ஓடுகிற வண்டியில் அதன் கேபிள் தளர்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது, இழுக்க வேண்டிய வேலையே வராது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ஆற்றங்கரை ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். கால்பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுங்கள். ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். ஊர்ந்தாலோ, நெம்புகோல் கடைசி வரை மேலே வந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள்.

சரிவில் நிறுத்தும்போதும் அதே வரிசை. முதலில் ஹேண்ட்பிரேக்கில் வண்டி உட்கார வேண்டும், அதன்பிறகுதான் கியர். மூக்கு மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் என்றால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு வண்டி நின்றபின் பி, அதாவது பார்க்கிங் நிலை. நேராக பி-யில் போட்டால் மொத்த எடையும் கியர்பாக்ஸில் உள்ள சின்னக் கொக்கி மேல் விழும், எடுக்கும்போது தட்டென்று சத்தம் வரும். முன் சக்கரங்களை மலைச்சுவர் இருக்கிற பக்கம் திருப்பிவையுங்கள். மேட்டைப் பார்த்து நின்றாலும் பள்ளத்தைப் பார்த்து நின்றாலும் இதே விதிதான்: உருண்டால் சுவரில் போய் முட்டும், பள்ளத்துக்குப் போகாது. சரிவின் கீழ்ப்பக்கம் இரண்டு சக்கரத்துக்குத் தலையளவுக் கல் ஒவ்வொன்று. எடுக்கும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுப் போகாதீர்கள், ராத்திரி பைக்கில் வருகிறவர் அதில் விழுவார்.

பள்ளத்தாக்கு இடப்பக்கம் இருந்தால் விளிம்பை ஒட்டி நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் வழக்கமாக இடப்பக்கக் கதவைத் திறந்து குதிப்பவர்கள். சைல்டு லாக் போட்டுவிட்டு நீங்களே சுற்றி வந்து திறப்பது நல்லது. காலையிலேயே வண்டியை வெளியே போகிற திசை பார்த்துத் திருப்பி நிறுத்திவிடுங்கள். சாயங்காலம் நாலு வண்டிக்கு நடுவில், தூங்கி வழிகிற பிள்ளைகளோடு ரிவர்ஸ் எடுப்பது யாருக்கும் வேண்டாத வேலை. எடுப்பதற்கு முன் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்து பெல்ட் போட்டிருக்க வேண்டும், அல்லது ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். மூன்றடி உயரப் பிள்ளை காருக்குப் பின்னால் நின்றால் கண்ணாடியில் தெரியாது. கேமரா இருந்தாலும் சேறு அப்பியிருந்தால் அதிலும் தெரியாது. இறங்கும் பாதையில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரல் வேண்டாம். பிரேக் கருகும் வாடை வந்தால் அகலமான சமதரையில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.